பதினோரு கேசட்டு

அதான் சொல்றேனே, இது ரிப்பேரே இல்லம்மா. ரிப்பேருன்னா ஏதாவது எரியணும், பொக வரணும், நாத்தம் அடிக்கணும். ஆம்ப்ளிஃபயரு போச்சின்னா மூக்க கிட்ட வெச்சே சொல்லிடுவேன், உள்ள எது கருகிப் போச்சின்னு. இதுல ஒண்ணியும் இல்ல. லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன்ல பச்சப் புல்லும் நீல வானமும் ஜம்முனு வருது. உள்ள போயி பாத்தா பாட்டு மட்டும் இல்ல. இந்தக் கம்ப்யூட்டருக்குப் பேரு மிசினாம். நீ பாட்டுக்கு திருப்புளிய எடுத்துக்கினு கழட்ட ஆரம்பிச்சிட்டியே, கழட்டறதுக்கு முன்னாடி நான் சொல்றத ரவ கேளு.

இல்ல இல்ல, கழட்டு. ஏற்கெனவே மூணு பேரு கழட்டிட்டானுங்க, நீ நாலாவது. தொ பாரு, இந்தப் பக்கம் நாலு ஸ்க்ரூ இருக்கணும், ரெண்டுதான் கீது. புத்தூர்ல நெட் சென்டர் வெச்சிக்கினு ஒருத்தன் கீறான், அவன் மேசைக்கடியில தேடனா மீதி ரெண்டும் கெடைக்கும். ஸ்க்ரூவயே திருப்பி மாட்டத் தெரியாதவன், பாட்ட திருப்பி எடுத்துக் குடுக்கறானாம்.

என் பேரு துலுக்காணம். பிச்சாட்டூரு. மைக் செட்டு வெச்சிக்கினு கீறேன், இருவத்தாறு வருசமா. கல்யாணம், காதுகுத்து, மஞ்சத் தண்ணி, கூத்து, சாவு, எலக்சன், எதுன்னாலும் எங்காளுங்க மொதல்ல என் கடைக்குத்தான் வருவாங்க, அப்பாலதான் பந்தல்காரன் கிட்ட போவாங்க. வெளிய போர்டுல சந்தியா கம்ப்யூட்டர்ஸ்னு பாத்தேன், எவனோ பொண்டாட்டி பேர வெச்சிக்கினு கட நடத்தறான்னு நெனச்சிதான் உள்ள வந்தேன். பாத்தா நீயே ஒக்காந்துகினு கீற. எதுத்த டீக்கடைல சொன்னான், நகரிப் பொண்ணு, தமிழ் பேசும்னு. நல்லதாப் போச்சி. காலையிலேர்ந்து இந்தத் திருப்பதியில தெலுங்கு பேசி வாயி நோவுது. எட்டு கடை ஏறி எறங்கிட்டேன், எல்லாக் கடையிலயும் ஒரே பதிலு, ரேப்பு ரண்டி, ரேப்பு ரண்டின்னு. நாளைக்கி வந்தா நாளானைக்கி வர சொல்லுவான். சாமி பாக்க மலைக்கி வர்ற சனத்த நாள் கணக்குல கியூவுல நிக்க வெச்சிப் பழகிட்டானுங்க, அந்தப் புத்தி கம்ப்யூட்டரு கடை வரிக்கும் வந்துடுச்சி.

இன்னா கேட்ட? எப்பலேர்ந்து இப்பிடின்னா? அத்தத்தான் சொல்ல வர்றேன். மொதல்லேர்ந்து சொன்னாத்தான் ஒனக்கு வெளங்கும்.

எங்கிட்ட நானூறு கேசட்டு இருந்திச்சி. எல்லாம் மெட்ராசு பர்மா பஜார்ல காலி கேசட்டு வாங்கி நானே பதிவு பண்ணது. கேசட்டு காலம் போயி சிடி வந்திச்சி, சிடி வாங்கி முடிக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டருன்னானுங்க. நான் மசியல. ஆனா பாலசமுத்திரத்துல கங்கையான்னு ஒருத்தன் கீறான், அவனும் மைக் செட்டுதான். ஸ்பீக்கர்ல பஞ்சு பிஞ்சி தொங்கும், பாட்டு போட்டான்னா தகரத்த தெருவுல இஸ்துகினு போற சத்தம் வரும். அவன் கம்ப்யூட்டரு வாங்கிட்டான். அவன் மேசமேல கம்ப்யூட்டரு கீதுன்னதும் சனம் அவன் கிட்ட போவுது. சத்தம் எப்பிடி கீதுன்னு எவனும் கேக்கல, மேசமேல இன்னா கீதுன்னுதான் பாக்கறானுங்க. சரின்னு நானும் மெட்ராசு போயி செகண்ட் ஹேண்டுல இத்த தூக்கிகினு வந்தேன்.

அப்பால நானூறு கேசட்டயும் இதுல ஏத்தணும். ஏத்தறதுன்னா சும்மா இல்லம்மா. டேப் ரிக்கார்டர்லேர்ந்து ஒயர் இஸ்து இதும் பின்னாடி சொருவி, ஒரு மணி நேர கேசட்டுன்னா ஒரு மணி நேரம் ஓடியே ஆவணும். இப்ப கீற புள்ளைங்க ரெண்டு நிமிசத்துல பாட்ட செல்லுல ஏத்திக்கினு, காதுல எறும்பு கத்தற மாரி கேட்டுக்கினு போவுதுங்க. நான் ஆறு மாசம் ஏத்தனேன். கல்யாணத்துக்கு ஒரு ஃபோல்டரு, சாவுக்கு ஒண்ணு, அம்மனுக்கு ஒண்ணு, கூத்துக்கு ஒண்ணு, தமிழ்ல தனி, தெலுங்குல தனி. மொத்தம் பதினேழு ஃபோல்டரு. ஏத்தி முடிக்கறேன், எடம் இல்லன்னுது. எரநூத்தம்பது ஜிபி ரொம்பிப் போச்சாம்.

எங்கக்கா மவன் ஒருத்தன் கீறான், சுதீருன்னு, பெங்களூர்ல சாஃப்ட்வேரு. கழுத்துல மாட்டுக்கு தும்பு கட்டன மாரி ஒரு அட்டைய மாட்டிக்கினு திரிவான், ஊருக்கு வந்தாலும் கழட்ட மாட்டான். வினாயக சவிதி பண்டிகைக்கி வந்தப்ப பாத்துட்டு சொல்றான், மாமா, நீ ஏத்தனதெல்லாம் குண்டா கீது, அத்த எம்பி3யா மாத்தனா மெலிசாயிடும், பத்துல ஒரு பங்கு எடம் போதும்னான். ஒண்ணொண்ணா மாத்த வேணாமாம். பதினேழு ஃபோல்டரயும் மொத்தமா குடுத்துட்டா அதுவே வரிசயா மாத்திக்குமாம். அதுக்கு ஒரு சாஃப்ட்வேர போட்டுட்டு, எத்த அமுக்கணும்னு காட்டிட்டு, அன்னிக்கி சாயந்திரமே பஸ் ஏறிட்டான். மாமன் வூட்ல ரெண்டு நாளு இருந்து துன்னுட்டுப் போவ நேரமில்ல அவனுக்கு.

அப்பிடித்தான் ஒரு சனிக்கெழம ஓட்டனேன். ஓட்டறப்பவே அது இங்கிலீசுல ஒரு கேள்வி கேட்டிச்சி. சுதீருக்கு போன் போட்டா மீட்டிங்ல கீறேன் மாமான்றான். சனிக்கெழமயில இன்னாடா மீட்டிங்கு? நான் ஓகேவ அமுக்கிட்டேன். அதுல எப்பவும் ரெண்டுதான் கீது, ஓகே ஒண்ணு, இன்னொண்ணு. நான் எப்பவும் ஓகேதான் அமுக்கறது. அப்பால அந்தப் புத்தூருக்காரன் கண்டுபுடிச்சி சொல்றான், மாத்தி முடிச்சதும் பழச அழிச்சிடட்டுமான்னு அது கேட்டிச்சாம். கேக்கற கேள்வியா அது? கொல்லுப்பட்டறைக்குப் போயி பாரை அடிக்கக் குடுத்தா, புதுசு அடிச்சதும் ஒன் பழய பாரைய கெணத்துல போட்டுடட்டுமான்னு எவனாவது கேப்பானா?

அதுக்கு அடுத்தாப்புல ஒரு நாளு காலைல போடறேன், ஸ்க்ரீன் நீலமாயிடுச்சி. வெள்ள எழுத்துல நம்பரு நம்பரா ஓடுது. ஓடி முடிஞ்சி உள்ள போனா, பதினேழுல பன்னெண்டு ஃபோல்டரு பேரு மாறிப்போச்சி. தமிழும் இல்ல, தெலுங்கும் இல்ல, இங்கிலீசும் இல்ல. கட்டம் கட்டமா, கொக்கி கொக்கியா, நடுவுல ஒரு சிரிச்ச மூஞ்சி வேற. சத்தியமா சொல்றேன், சிரிச்ச மூஞ்சி. ஆறு மாசம் நான் மாரடிச்ச ஒழைப்ப துன்னுட்டு என்னயே பாத்து சிரிக்குது. அத்த தெறந்தா பாட்டு பதிவு பண்ண தேதி ரெண்டாயிரத்தி தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது. நான் செத்து, எம்பொண்ணு கெழவியாயி, அதுக்கப்பறம் பதிவு பண்ண பாட்டாம்.

புத்தூருக்காரன் செக்டிஸ்க்குன்னு ஒண்ண ஓட்டனான். மூணு மணி நேரம் அவன் கடை பெஞ்சிலயே ஒக்காந்துகினு இருந்தேன். கடைசில ஒரே ஒரு ஃபோல்டரு, அதுல நாலாயிரம் நம்பரு. பேரே இல்ல, வெறும் நம்பரு. எதுடா கல்யாணம், எதுடா சாவுன்னேன். போட்டுப் பாத்தாத்தான் தெரியும் சாருன்றான். நம்பருக்குப் பின்னாடி எம்பி3ன்னு எழுதிக் குடுத்துட்டு, போங்க, எல்லாம் வந்துடுச்சின்னான். வந்துடுச்சாம்.

வந்த லட்சணம் இன்னான்னு கேளு. போன வெள்ளிக்கெழம பாலசமுத்திரத்துல உமாபதின்னு ஒருத்தரு வூட்ல மஞ்சத் தண்ணி. கங்கையா ஊர்லயே நான் போயி பாட்டு போடறேன், எம்மாம் கௌரவம். பொண்ண மணையில ஒக்கார வெச்சாச்சி, தாய்மாமன் சீர்வரிசத் தட்டோட தெருமொனைக்கி வந்துட்டாரு. மொதப் பாட்டு நாதசுரம், போட்டேன். ஒரு நிமிசம் நல்லாத்தான் போச்சி. அப்பால கர்ருனு ஒரு சத்தம், அப்பிடியே மாறுது, ஒப்பாரி. பொம்பளைங்க மாரடிச்சிக்கினு அழுவற ஒப்பாரி, நாலு ஹாரன் ஸ்பீக்கர்லயும். தாய்மாமன் தட்டோட அப்பிடியே நின்னுட்டாரு. பொண்ணோட அத்த ஒருத்தி அடிக்கவே வந்துட்டா. கங்கையா எதுத்தாப்புல பொட்டிக்கடைல ஒக்காந்துகினு சோடா குடிச்சிக்கினு இருந்தான். சிரிச்சான், அம்மாந்தான்.

நான் அடுத்த நம்பர அமுக்கனேன். அதுல...

நீ இன்னா உள்ள அப்பிடி பாக்கற? தூசா? மைக் செட்டு கடைன்னா தூசு இருக்காதா? சரி, தொடச்சிக்கோ.

அடுத்த நம்பர்ல எம்பொண்டாட்டி பேசனா. ரெண்டே வார்த்த. ஏங்க, கேக்குதான்னா. அவ்ளோதான், அப்பால ஒரே கிரீச்சு. நான் ஆம்ப்ளிஃபயர ஆஃப் பண்ணிட்டேன். உமாபதி வூட்டுக்காரங்க ஒப்பாரிக்கி பயந்து ஆஃப் பண்றான்னு நெனச்சிக்கினாங்க.

அவ செத்து ரெண்டு வருசம் ஆவுதும்மா. சுந்தரின்னு பேரு. அந்தப் பதினேழாவது ஃபோல்டரு அவளுது. மீதி பதினாறு போனா போவட்டும். கல்யாணப் பாட்டு எவங்கிட்டயும் கெடைக்கும், அந்தக் கங்கையா கிட்டயே கால்ல வுழுந்து வாங்கிக்கலாம். இந்த ஒண்ணுக்காவத்தான் காலைலேர்ந்து எட்டு கடை ஏறி எறங்கனேன்.

அவ கொவைத்துக்குப் போனப்ப எம்பொண்ணு தரணிக்கு எட்டு வயசு. எங்க பக்கத்துல தெருவுக்கு ரெண்டு பொம்பளைங்க கொவைத்துல கீறாங்க, வூட்டு வேலைக்கி. இவளுக்கு எழுதப் படிக்க தெரியாது. அங்கேர்ந்து ஊருக்கு வர்றவங்க கையில கேசட்டுல பேசி குடுத்தனுப்புவா. எட்டு வருசத்துல பதினோரு கேசட்டு. எது மொத பக்கம்னு தெரியணும்ல, அதுக்கு நெகத்துக்குப் பூசற செவப்பால கேசட்டு மேல ஒரு பொட்டு வெப்பா. எடுத்தவொடனே மொத வார்த்த, ஏங்க, கேக்குதா. மைக் செட்டுக்காரன் பொண்டாட்டியாச்சே, டெஸ்ட் பண்ணாம பேச மாட்டா. நடுவுல ரெண்டு வாட்டி லீவுக்கு வந்தா. மூணாவது வாட்டி மீனம்பாக்கத்துல பொட்டியிலதான் எறக்கனாங்க. மாரடைப்புன்னாங்க. பேப்பரெல்லாம் அரபியில இருந்திச்சி, எவன் படிக்கிறது.

தரணிக்கு வர்ற ஒம்பதாம் நாளு கல்யாணம். அதுக்கு நக வேணும், பொடவ வேணும்னு எதுவும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டிச்சி. மொத நாளு சாயந்திரம் நலங்கு வெப்பாங்கல்ல, அன்னிக்கி அம்மா பாடனத ஹாரன்ல போடு நைனான்னு. கடைசி கேசட்டுல அவ நலங்குப் பாட்டு பாடியிருக்காளாம். ஒங்கல்யாணத்துக்கு இந்தக் கொவைத்துக்காரன் லீவு குடுப்பானோ மாட்டானோ, எதுக்கும் பாடி வெக்கறேன்னு சொல்லிட்டு பாடனாளாம். போடறேன்மான்னுட்டேன். மைக் செட்டுக்காரன் எம்பொண்ணு நலங்குக்கு எம்பொண்டாட்டி பாட்ட போட மாட்டனா? இப்ப தெனமும் கேக்குது, எடுத்து வெச்சிட்டியா நைனான்னு. நானும் தெனமும், வெச்சிட்டேம்மான்றேன்.

கரண்டா? அந்தச் சனிக்கெழம கரண்டு போச்சான்னா கேக்கற? எங்கூரு கரண்ட பத்தி கேட்டா நான் சாயந்திரம் வரிக்கும் பேசுவேன். மேகம் கறுத்தா போவும், வெளுத்தா போவும். ஆனா அதுக்குத்தான் தலகாணி மாரி ஒரு யுபிஎஸ் வாங்கி வெச்சேனே. அப்பிடி கரண்டால கெட்டுப்போயிருந்தா யுபிஎஸ் வித்தவன போயி நாலு கேள்வி கேட்டிருப்பேன். இல்லம்மா, அன்னிக்கின்னு பாத்து கரண்டு கண்ணாட்டம் இருந்திச்சி. சனிக்கெழம பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, ஞாயித்துக்கெழம காலைல வரிக்கும் கட்டாவவே இல்ல.

அதா? அது குங்குமம். பக்கத்துல கீறது சந்தனம். ஃபேன் கிட்டயா? அது சாமந்திப்பூவா இருக்கும், காஞ்சி உள்ள வுழுந்திருக்கும். ஏம்மா, ஒங்கடைல நீ ஆயுத பூஜ போட மாட்டியா?

எப்பன்னா? இப்ப முடிஞ்ச ஆயுத பூஜக்கித்தான். ஞாயித்துக்கெழம.

ஆமாம்மா, அந்த ஞாயித்துக்கெழமதான். அதுக்கு இன்னாத்துக்கு ஸ்க்ரூவ கீழ வெச்சிட்டு என்னெ அப்பிடி பாக்கற?

தோ பாரு, நீயும் தொழில் பண்றவ, நீயே சொல்லு. ஆயுத பூஜ அன்னிக்கி எவனாவது ஆயுதத்துல கைய வெப்பானா? முடி வெட்டறவன் கத்திரிய தொட மாட்டான். லாரிக்காரன் சாவிய சாமி கிட்ட வெச்சிடுவான். கொல்லன் சுத்திய படுக்க வெச்சிடுவான். எங்கடைல ஆம்ப்ளிஃபயரு, மைக்கு, ஹாரனு, குறடு, எல்லாத்தயும் தொடச்சி, பொட்டு வெச்சி, வரிசயா சாமி படத்துக்கு முன்னாடி வெச்சிட்டேன். ஒயரயெல்லாம் கூட சுத்தி வெச்சிட்டேன். இது ஒண்ணு மட்டும் மூலையில ஒக்காந்துகினு கொர்ருனு வேல செஞ்சிக்கினு கீது. பூஜ நாள்ல. கற்பூரம் ஏத்தறப்ப கடைல ஒரு ஆயுதம் ஓடிக்கினு இருந்தா அந்த வருசம் தொழில் வெளங்குமா?

பாத்தேன், ஸ்க்ரீன்ல. எம்பத்தியேழுன்னு காட்டிச்சி. நூறு வரணும்னு சுதீரு சொன்னான். நல்ல நேரம் பத்தரைக்கி முடியுது. பத்து பத்தாயிடுச்சி. எம்பத்தெட்டு வர்றதுக்கே அரை மணி நேரம் ஆவும் போல கீது. முறையா நிறுத்தலாம்னா மவுசு வேணும். மவுசதான் காலைலயே கழட்டி, சந்தனம் தடவி, தட்டுல வெச்சிட்டேனே. தட்டுல வெச்சத எடுக்கலாமா? அதான் சுவத்துல மெயின ஆஃப் பண்ணேன். அப்பவும் நிக்கல, அந்த யுபிஎஸ்ஸு கீ கீன்னு கத்திக்கினு இத்த ஓட்டுது. அதும் தலைல ஒரு சுவிட்சு கீது, அத்தயும் அமுக்கனேன். அடங்கிச்சி. அப்பறந்தான் மனசார தேங்கா ஒடச்சேன்.

முடியற வரிக்கும் கைய வெக்காத மாமான்னு சுதீரு சொன்னாந்தான், இல்லன்னல. அவனுக்கு பெங்களூர்ல ஆயுத பூஜ இன்னா தெரியும், லீவுன்னு மட்டுந்தான் தெரியும். டேபிள் ஃபேன ஆஃப் பண்ணா ஃபேன் கெட்டுப்போவுதா? மிக்சிய ஆஃப் பண்ணா உள்ள கீற தேங்கா தேதி மாறிப்போவுதா? ஒரு நாளு ஓய்வு குடுத்ததுக்கே உசுர வுடுது, இதுக்கு நான் பொட்டு வேற வெச்சேன்.

சிரிக்கலியா நீ. சிரிச்சா சிரிச்சிக்கோம்மா. புத்தூருக்காரன் கிட்ட இத்த நான் சொல்லவே இல்ல. ஒங்கிட்டதான் வாய வுட்டுட்டேன்.

வருமா இதுலேர்ந்து? பூரா வேணாம், நலங்குப் பாட்டு மட்டும் வந்தா போதும். ரெண்டு நிமிசம் இருக்கும்.

ம். துண்டு துண்டாத்தான் வருமா. புத்தூருக்காரன் ஓட்டனதுல பழய பாட்டு மேலயே வேற எழுதிடுச்சா. அவன் மேல பழியப் போட எனக்கும் ஆசதான். ஆனா அவன் ஓட்டறதுக்கு முன்னாடியே...

இன்னா? ஒரிஜினல் கேசட்டா?

கேசட்டு கீது. இல்ல, கீதுன்னா... அத்த வுடும்மா. நீ இதுலயே பாரு. இம்மாம் பெரிய கடை போட்டு, சுவரு முழுக்க சர்ட்டிபிகேட் மாட்டி வெச்சிக்கினு, கேசட்ட எடுத்துக்கினு வான்றியே, அப்பறம் படிப்பு எதுக்கு? கேசட்ட எடுத்துக்கினு வந்தா நானே திருப்பி ஏத்திக்க மாட்டனா? எனக்குத் தெரியாதா?

ஒன்ன ஏன் திட்டறேன்னு எனக்கே தெரியல. தப்பா நெனச்சிக்காத.

பூஜக்கி கடைய சுத்தம் பண்ணேன்மா. சனிக்கெழம, இத்த ஓட்ட வுட்டுட்டு. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிப்போச்சி, இனிமே இந்த கேசட்டு குப்ப எதுக்குன்னு மூட்ட கட்டனேன். எங்கக்கா வந்திச்சி, சுதீரோட அம்மா. அதுக்கு ஏரிக்கரையோரம் கம்பு வெதச்ச கொல்லி கீது, கதிரு முத்தற நேரம், குருவி வுட மாட்டேன்னுது. டேப்பு ரிப்பன் இருந்தா குடுடா, கட்டி வுடலாம்னு கேட்டிச்சி. ரிப்பன இறுக்கி கட்டனா காத்துல சொய்ங்னு ஒரு சத்தம் வரும், வெயில்ல மின்னும், குருவி கிட்ட வராது. எங்க பக்கம் எல்லாக் கொல்லியிலயும் அப்பிடித்தான். நானே போயி, நானே ஒடச்சி, நானே இஸ்து இஸ்து கட்டனேன். நாப்பது கேசட்டு ரிப்பன். அதுல செவப்புப் பொட்டு வெச்சது பதினொண்ணும் வந்திச்சி.

தெரியாம இல்ல, பாத்தேன். பொட்ட பாத்தேன். வெரல்ல தடவிக்கூட பாத்தேன். அதான் கம்ப்யூட்டர்ல கீதேன்னு ஒடச்சேன்.

தரணி அத்தயெல்லாம் எத்தினி வாட்டி கேட்டிருக்கும். தேஞ்சிடும் வைன்னு நாந்தான் புடுங்கி கடைல வெச்சேன். நான் கேட்டதில்ல. மொத கேசட்டு மட்டும் பத்து நிமிசம் கேட்டேன். திட்டுவான்னுதான் நெனச்சேன். நாந்தானே அவள பாஸ்போர்ட்டுக்கு இஸ்துகினு போனது, பெரிய ஆம்ப்ளிஃபயரு வாங்கற ஆசையில. திட்டியிருந்தா கேட்டிருப்பேன். அவ திட்டவே இல்ல. நான் பாத்திரம் கழுவற எடத்துல சன்னலே இல்லங்க, மழ பெஞ்சாக்கூட தெரியாதுன்னு சொன்னா. ஆஃப் பண்ணிட்டேன். அதுக்கப்பறம் வந்ததெல்லாம் தரணி கையில குடுத்துடுவேன். கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப கேக்கலியான்னு கேக்காத. சவுண்ட சுத்தமா கொறச்சி வெச்சிட்டு டீ குடிக்க போயிடுவேன். பதினோரு கேசட்டு, பதினோரு டீ.

ஊருக்கெல்லாம் சத்தம் போடறவன்மா நானு. அவ பேசறத கேக்க எனக்கு பயம். இன்னிக்கி வரிக்கும் பயந்தான்.

நீ அந்த ஸ்க்ரூவெல்லாம் மாட்டிடு. வேணாம், கழட்டனது கழட்டனதாவே இருக்கட்டும், துண்டு துண்டா வந்தாலும் எடுத்து வை. எது வந்தாலும் அழிக்காத. ஓகேவ அமுக்காத.

ரிப்பன் அறுந்தா ஒட்டறது எனக்குத் தெரியும். இருவத்தாறு வருசத்துல எத்தன ஒட்டியிருப்பேன். கூடு பதினொண்ணும் கடைக்குப் பின்னாடி மூட்டயிலதான் கெடக்குது, ஒடஞ்சது பாதி, ஒடயாதது பாதி. அத்தயெல்லாம் அவுத்து, தொடச்சி, நெழல்ல காய வெச்சி, பென்சில் வுட்டு சுத்தி ஏத்தணும். வெயில்ல பதினஞ்சு நாளு நின்னுக்கினு கீதே, அதுல கொரலு இருக்குமாம்மா? ஒனக்கும் தெரியாது. சரி.

நேத்து எங்கக்கா போன்ல சொல்லிச்சி, இந்த வாட்டி ஒரு குருவி கூட எறங்கலடா துலுக்காணம், ராவும் பகலும் கொல்லி கத்திக்கினே கீதுன்னு. எனக்கு பெருமையா இருந்திச்சி.

நாப்பது கேசட்டு ரிப்பன்ல எது அவ பேசனது, எது சினிமாப் பாட்டு, கண்ணால பாத்தா இன்னா தெரியும்? எல்லாம் ஒரே கருப்பு. ஒவ்வொண்ணா போட்டு, மொதல்லேர்ந்து கடைசி வரிக்கும் கேட்டாத்தான் தெரியும். கேக்கணும். வேற வழி இல்ல. நலங்குக்கு இன்னும் எட்டு நாளு கீது.

பிச்சாட்டூரு பஸ்ஸு அடுத்து எத்தினி மணிக்கும்மா? மழ வர்ற மாரி கீது.